குழியைச் சீர் செய்ய யார் ஜாமீன்?

நூலகத்தில் உறுப்பினராகச் சேரும்போது ஒரு சிறு தொகையைக் காப்புத்தொகையாகக் கட்டுகிறோம். அது புத்தகத்தின் விலை அன்று; வாடகையும் அன்று. புத்தகத்தைத் திருப்பித் தராமல் போனால் அந்தப் பணத்தை நூலகம் எடுத்துக்கொள்ளும். ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகினால் பணம் நம் கைக்கே வந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காப்புத்தொகை 20 ரூபாய், எடுத்துச் செல்லும் புத்தகத்தின் விலை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாணயமில்லாத ஒருவர் 20 ரூபாயை விட்டுவிட்டு 500 ரூபாய்ப் புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம். நாணயமானவராக இருந்தும் வீடு தீப்பற்றிப் புத்தகம் எரிந்து போனாலும் நூலகத்துக்கு அதே 480 ரூபாய் நஷ்டம்தான். ஆகவே காப்புத்தொகை எவ்வளவு என்ற கேள்வி, ஆள் நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்தது அன்று. இழப்பு நேர்ந்தால் அதை ஈடு செய்ய எவ்வளவு வேண்டும் என்பதைப் பொறுத்தது.

புத்தகத்துக்குப் பதிலாக 10 ஹெக்டேர் பரப்பும் 10 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குழியை எண்ணிப் பாருங்கள். அதைத் தோண்டியவர் பாதியில் விட்டுச் சென்றால் சீர் செய்யப் பணம் யார் கொடுப்பது? அதற்கென்று முன்னதாகவே வாங்கி வைக்கும் பிணைத்தொகையை எப்படிக் கணக்கிடுவது? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சரளைக் குழிகளை வைத்து இதைப் படிப்போம்.

சரளை கிடைக்கும் இடம்

சாலைக்கும் கான்கிரீட்டுக்கும் சரளைக்கல்லும் மணலும் வேண்டும். இவை ஆற்றோரத்தில்தான் ஏராளமாகக் கிடைக்கின்றன. சவுத் பிளாட் என்னும் ஆறு ராக்கி மலைகளில் பிறந்து, டென்வர் நகரத்தின் வழியாகச் சமவெளியில் இறங்கி, வடகிழக்காக ஓடி நெப்ராஸ்கா மாநிலத்தை அடைகிறது. மலையிலிருந்து உருட்டி வந்த கல்லையும் மணலையும் அது பல்லாயிரம் ஆண்டுகளாகத் தன் இரு கரைகளிலும் பரப்பி வைத்திருக்கிறது. அந்தப் படிவுக்கு அடியில் ஷேல் என்ற களிப்பாறை இருக்கிறது. சரளையின் வழியே நீர் தாராளமாக ஓடும். களிப்பாறையின் வழியே ஏறக்குறைய ஓடாது. ஆகவே ஆற்றோரத்துச் சரளைப் படிவு முழுவதும், மண்ணுக்குள் மறைந்திருக்கும் ஓர் ஆறு போலவே நீர் நிரம்பி நிற்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் குழி தோண்டினால் என்ன ஆகும்? இரண்டு மூன்று மீட்டரிலேயே நீர் ஊறத் தொடங்கும். இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே சரளையை எடுக்கிறார்கள். களிப்பாறை தட்டுப்பட்டதும் தோண்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். பம்பை நிறுத்தினால் குழி குளமாகிவிடுகிறது.

ஊறும் நீர் யாருடையது?

குளம் கிடைத்தால் நல்லதுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். கொலராடோவில் அது அவ்வளவு எளிய விஷயமல்ல. டென்வர் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சராசரியாக 40 செ.மீட்டரை எட்டுவதில்லை. திறந்த நீர்ப்பரப்பிலிருந்தோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் உயர நீர் ஆவியாகிவிடுகிறது. 10 ஹெக்டேர் குளத்துக்குக் கணக்கிடுங்கள்:

1,00,000 சதுர மீட்டர் × 1 மீட்டர் = 1,00,000 கன மீட்டர்.

அதாவது ஆண்டுக்கு 10 கோடி லிட்டர்! இந்த நீர் வானத்திலிருந்து புதிதாக வந்ததன்று. நிலத்தடியில் ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நீர். கீழே இருக்கும் உழவர்களின் வாய்க்காலுக்குப் போயிருக்க வேண்டியது.

அந்த மாநிலத்தில் நீருக்கு முறை உண்டு. முதலில் யார் நீரை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினாரோ அவருக்கே முதல் உரிமை. 1876ஆம் ஆண்டின் மாநில அரசியல் சட்டத்திலேயே இந்த விதி இடம் பெற்றுவிட்டது. ஆற்றோடு தொடர்புள்ள நிலத்தடி நீரும் இதே முறைக்கு உட்பட்டது என்பதை 1969ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. நிலத்தடி நீரைத் திறந்து வைக்கும் சரளைக் குழியும் ஒரு கிணறுதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது. 1980 டிசம்பர் 31க்குப் பிறகு நிலத்தடி நீரைத் திறந்துவிட்ட குழிக்காரர், ஆவியாகும் நீருக்கு ஈடாக வேறு நீரை ஆற்றுக்குக் கொடுக்க வேண்டும் என்று அது கூறியது.

எனவே வேலை முடிந்த குழிக்கு மூன்று வழிகள்தாம் உண்டு. ஒன்று, மண் கொட்டி மூடிவிடுவது. இரண்டு, குளமாக விட்டுவிட்டு ஆண்டுதோறும் ஈட்டு நீர் கொடுப்பது. மூன்று, குழிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே தடுப்பு வைத்து அதை ஒரு தொட்டியாக மாற்றுவது. தடுப்பு வைத்த குழியில், உரிமையுள்ள நீரைக் கொண்டுவந்து சேமிக்கலாம். டென்வர் நகரின் குடிநீர் நிறுவனமே நகருக்கு வடக்கே பழைய சரளைக் குழிகளை இப்படி நீர்த்தேக்கங்களாக்கிப் பயன்படுத்துகிறது. பள்ளமாகக் கிடந்த இடம் ஊருக்குப் பயன்படும் சொத்தாகிவிடுகிறது.

களிமண் உறை

கிணறு சரியாமலிருக்க நம் ஊரில் உறை இறக்குவார்கள் அல்லவா? சரளைக் குழிக்கும் உறை உண்டு. ஆனால் இதன் வேலை நீர் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் தடுப்பது. இதைக் களிமண்ணால் செய்கிறார்கள்.

களிமண்ணின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. துகள்களுக்கு இடையேயுள்ள சந்துகளும் அத்தனை சிறியவை. நன்றாகக் கெட்டிப்படுத்திய களிமண்ணில், அதன் கனத்துக்குச் சமமான உயர நீர் அழுத்தினால், ஆண்டுக்கு 3 செ.மீ. உயர நீரளவே கசியும்படி செய்ய முடியும். சரளையில் இந்த அளவு நீர் ஓடச் சில விநாடிகளே போதும்.

குழியின் அடியிலிருந்து வெட்டி எடுத்த களிப்பாறையையே நொறுக்கி, ஈரப்படுத்தி, பக்கச் சரிவுகளில் 15 அல்லது 20 செ.மீ. கனத்தில் பரப்புகிறார்கள். முண்டு முண்டாகக் கால்கள் உள்ள ரோலரை ஓட்டி மிதிக்க வைக்கிறார்கள். அதன்மேல் அடுத்த அடுக்கு. இப்படியே அடுக்கின்மேல் அடுக்காக உறை எழும்புகிறது. உறையின் அடிப்பகுதியைக் களிப்பாறைக்குள் வெட்டிய வாய்க்காலில் இறக்கிப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேரும் இடத்தில் நீர் வழி கண்டுபிடித்துவிடும்.

தடுப்பு வைக்க இன்னொரு முறையும் உண்டு. தோண்டத் தொடங்குவதற்கு முன்பே நிலத்தைச் சுற்றி ஒடுங்கிய அகழி வெட்டி, பென்டோனைட் என்னும் களிமண் கலந்த குழம்பை நிரப்பிப் புதைசுவர் எழுப்பலாம். இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாட்டைக் கவனியுங்கள். புதைசுவரை முதலில் கட்டிவிட்டுப் பிறகு குழி வெட்டலாம். களிமண் உறையை, குழி வெட்டிய பிறகுதான் அதன் பக்கங்களில் கட்ட முடியும். ஆகவே சரளை எடுக்கும் காலம் முழுவதும் உறை என்பது வரைபடத்தில் மட்டுமே இருக்கும். இந்தக் கட்டுரையின் மையமே இதுதான்.

செய்து பாருங்கள்

மூன்று காலித் தகர டப்பாக்களின் அடியில் ஆணியால் ஐந்தாறு துளைகள் போடுங்கள். முதல் டப்பாவில் கூழாங்கல்லையும், இரண்டாவதில் மணலையும், மூன்றாவதில் நன்றாகப் பிசைந்த களிமண்ணையும் அரையளவு நிரப்புங்கள். களிமண்ணை விரலால் அழுத்தி ஓரங்களில் இடைவெளியின்றி ஒட்டவிடுங்கள். மூன்றிலும் ஒரு தம்ளர் நீர் ஊற்றி, நீர் முழுவதும் வடிய ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். களிமண் டப்பாவில் மறுநாளும் நீர் நிற்கும்.

இப்போது அந்த நீரைக் கவிழ்த்துவிட்டு, களிமண் டப்பாவை நான்கு நாட்கள் வெயிலில் வையுங்கள். களிமண் சுருங்கி வெடிப்பு விடும். மீண்டும் ஒரு தம்ளர் நீர் ஊற்றுங்கள். என்ன நடக்கிறது?

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. களிமண் நல்ல தடுப்பு. ஆனால் அது எப்போதும் நல்ல தடுப்பாகவே இருக்கும் என்று நம்பிவிட முடியாது. உண்மையான குழியில் வெயிலோடு வேறு ஆபத்தும் உண்டு. குழி காலியாக இருக்கும்போது வெளியே நிலத்தடி நீர் 8 மீட்டர் உயரத்துக்கு நின்றால், உறையின் அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 8 டன் எடைக்குச் சமமான விசை உள்நோக்கித் தள்ளும். மோசமாகக் கட்டிய உறை சரிந்து விழ இது போதும்.

90 நாள் பரீட்சை

உறை கட்டியாயிற்று, அது தேறுமா என்று எப்படி அறிவது? கொலராடோவின் மாநிலப் பொறியாளர் 1999ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதற்கு நெறிமுறைகள் வகுத்தார். வடிவமைப்புக்கு அவர் விதித்த கசிவு அளவை மெட்ரிக் அளவில் சொல்வோம். பக்கச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 மி.மீ. உயர நீர், அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 0.45 மி.மீ. உயர நீர். சுவரின் பரப்பைக் காணச் சுற்றளவைச் செங்குத்து ஆழத்தால் பெருக்க வேண்டும்.

நம் குழியின் அடித்தளம் 400 மீட்டர் நீளம், 250 மீட்டர் அகலம் என்று கொள்வோம். சுற்றளவு 1,300 மீட்டர். ஆழம் 10 மீட்டர்.

சுவர்: 1,300 × 10 × 0.009 = 117 கன மீட்டர்.
அடித்தளம்: 1,00,000 × 0.00045 = 45 கன மீட்டர்.
மொத்தம்: நாளொன்றுக்கு 162 கன மீட்டர்.

கசிவைக் கண்ணால் பார்த்து அளக்க முடியாது. ஆனால் வரவு செலவுக் கணக்கு போட்டால் தானே வெளிப்பட்டுவிடும். முதல் சோதனை 90 நாட்கள் நடக்கும். அத்தனை நாளும் பெய்த மழை, இறைத்த நீர், ஆவியான நீர், குழியில் நீர் மட்டம் ஏறியதா இறங்கியதா என எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

உள்ளே கசிந்தது = இருப்பில் கூடியது + இறைத்தது + ஆவியானது − மழை.

ஓர் எடுத்துக்காட்டு: இருப்பில் 1,000 கன மீட்டர் கூடியது, 14,000 இறைத்தார்கள், 5,000 ஆவியானது, மழையாக 8,000 வந்தது. அப்படியானால் கசிந்தது 1,000 + 14,000 + 5,000 − 8,000 = 12,000 கன மீட்டர். 90 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 133. இது 162க்குக் குறைவு. உறை தேறிவிட்டது!

பிணைத்தொகை எதற்கு?

இப்போது பணத்துக்கு வருவோம். சரளை எடுக்கும் கம்பெனிக்கு வருமானம் எப்போது வருகிறது? சரளை விற்கும்போது. உறை கட்டும் செலவு எப்போது வருகிறது? சரளை தீர்ந்த பிறகு. வருமானம் நிற்கும் நாளில்தான் பெரிய செலவு தொடங்குகிறது! கம்பெனி அதற்குள் நொடித்துப் போயிருக்கலாம். சீர் செய்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லலாம். ஆனால் கையில் காசில்லாதவரிடம் சட்டம் என்ன வசூலிக்க முடியும்?

அதனால்தான் முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே பிணை கேட்கிறார்கள். கொலராடோவில் 1976இல் சுரங்க நிலச் சீரமைப்புச் சட்டம் வந்தது. மணல், சரளை முதலிய கட்டடப் பொருள்களுக்கென்று தனிச் சட்டம் 1995இல் வந்தது. பிணையை ரொக்கமாகக் கட்டலாம்; வங்கியின் உத்தரவாதக் கடிதமாகத் தரலாம்; அல்லது ஜாமீன் நிற்கும் கம்பெனி ஒன்றுக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி அதன் ஜாமீன் பத்திரத்தைத் தரலாம். குழிக்காரர் சொன்னபடி செய்யாவிட்டால், மாநிலச் சீரமைப்பு வாரியம் அந்தப் பணத்தைக் கைப்பற்றி வேலையை முடிக்கும்.

நிலத்தடி நீரைத் திறக்கும் குழிகளுக்கு 2010இல் மாநில அதிகாரிகள் வழிகளை வகுத்துக் காட்டினார்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேல் 2 அடி, அதாவது ஏறத்தாழ 60 செ.மீ. வரை குழியை மூடப் போதுமான பிணை கொடுக்கலாம்; உறையோ புதைசுவரோ அமைக்கப் போதுமான பிணை கொடுக்கலாம்; நீதிமன்றம் ஏற்ற ஈட்டுநீர்த் திட்டம் வைத்திருக்கலாம்; அல்லது தன் நீர் உரிமையின் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கலாம். நான்கிலும் கேட்கப்படுவது ஒன்றே: நீ இல்லாமல் போனால் ஆற்றின் கணக்கை எதைக் கொண்டு நேர் செய்வது?

கணக்குப் போடுவோம்

நம் 10 ஹெக்டேர் குழிக்கே பிணைத்தொகை கண்டுபிடிப்போம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

சரிவு, ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டர் என்ற விகிதத்தில் இருக்கட்டும். 10 மீட்டர் உயரத்துக்குக் கிடைமட்டத் தூரம் 30 மீட்டர். பித்தகோரஸ் தேற்றப்படி சரிவின் நீளம் 100 + 900 = 1,000 என்ற எண்ணின் வர்க்கமூலம்; அதாவது ஏறத்தாழ 31.6 மீட்டர். உறையின் கனம் 1 மீட்டர். மூலைகளை விட்டுவிட்டால், களிமண்ணின் அளவு 1,300 × 31.6 × 1, ஏறத்தாழ 41,000 கன மீட்டர். அடித்தளம் களிப்பாறையே ஆனதால் அங்கே உறை வேண்டாம்.

முதலில் குழிக்காரர் போடும் கணக்கைப் பாருங்கள். இயந்திரங்கள் அவருடையவை; அங்கேயே நிற்கின்றன. களிமண் வேலை கன மீட்டருக்கு 5 டாலரில் முடியும். 41,000 × 5 = 2,05,000. கரையில் மேல்மண் பரப்பிப் புல் விதைக்க 30,000. கசிவுச் சோதனைக்கு 12,000. ஆக மொத்தம் 2,47,000 டாலர்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் இது அவர் இருக்கும்போது ஆகும் செலவு. பிணைத்தொகை தேவைப்படுவதோ அவர் இல்லாதபோது! அந்த நாளை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். கம்பெனி மூடிவிட்டது. மின்சாரக் கட்டணம் கட்டாததால் பம்பு நின்றுவிட்டது. குழியில் 8 மீட்டர் நீர் ஏறிவிட்டது. இயந்திரங்களைக் கடன்காரர்கள் ஓட்டிச் சென்றுவிட்டார்கள். இனி வாரியம் வெளியிலிருந்து ஒரு காண்டிராக்டரை அழைத்துவர வேண்டும்.

தேங்கிய 8,00,000 கன மீட்டர் நீரை இறைக்க, கன மீட்டருக்கு 10 சென்ட் வீதம்: 80,000.
வேலை முடியும்வரை ஊறும் நீரை இறைக்க: 40,000.
இயந்திரங்களைக் கொண்டுவந்து சேர்க்க: 30,000.
களிமண் வேலை, காண்டிராக்டர் விலையில் கன மீட்டருக்கு 8 டாலர் வீதம்: 3,28,000.
மேல்மண்ணும் புல்லும்: 30,000.
கசிவுச் சோதனை: 12,000.
கூட்டுத்தொகை: 5,20,000.
மேற்பார்வை, காண்டிராக்டர் லாபம் முதலியவற்றுக்கு நூற்றுக்கு 25 வீதம்: 1,30,000.
மொத்தம்: 6,50,000 டாலர்.

இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் 4,03,000 டாலர். முதல் கணக்கை நம்பிப் பிணை வாங்கியிருந்தால் இந்தப் பணத்தை யார் கொடுப்பது? ஒன்று, பொதுமக்கள் வரிப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். அல்லது உறை கட்டாமலே விட்டுவிட்டு, கீழ்ப்பகுதி உழவர்கள் ஆண்டுக்கு 10 கோடி லிட்டர் நீரை இழக்க வேண்டும். நூலகத்தில் 480 ரூபாய் போன கதைதான் இது.

உறை கட்டாமல் குழியை மூடுவதென்றால்? நீர்மட்டம் தரைக்கு 2 மீட்டர் கீழே இருப்பதால் 8 மீட்டரும் அதற்கு மேல் 60 செ.மீட்டருமாக 8.6 மீட்டர் உயரத்துக்கு மண் வேண்டும். அது 8,60,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 5 டாலர் என்றாலும் 43,00,000. மேற்செலவு சேர்த்தால் 53,75,000 டாலர். உறையைப் போல் எட்டு மடங்குக்கும் மேல்! குழிக்காரர்கள் ஏன் உறையை விரும்புகிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அதிகாரிகள் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் விளங்கும். நல்ல களிமண் அந்த இடத்திலேயே போதிய அளவு இருக்கிறதா, கட்டும் முறை தெளிவாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் சிறிய தொகையை ஏற்றுக்கொண்டால், உறை தேறாதபோது பெரிய தொகைக்கு வழியில்லாமல் போய்விடும்.

மலையுச்சியில் கற்ற பாடம்

இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமா என்று கேட்கலாம். கொலராடோ மக்கள் இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். அங்கே சான் ஹுவான் மலைகளில் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் சம்மிட்வில் என்னும் தங்கச் சுரங்கம் இருந்தது. தாதுவைக் குவித்து வைத்து, அதன்மேல் சயனைடு கரைசலை ஊற்றித் தங்கத்தைப் பிரித்தார்கள். நஞ்சு நிலத்தில் இறங்காமலிருக்க அடியில் உறை விரித்திருந்தார்கள். 1986இல் வேலை தொடங்கிய சிறிது காலத்திலேயே அந்த உறை கசிந்தது. 1992 டிசம்பரில் சுரங்கக் கம்பெனி திவாலாகி வெளியேறியது. நஞ்சு கலந்த நீரைச் சுத்திகரிக்கும் பொறுப்பை மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் உடனடியாக ஏற்க வேண்டியதாயிற்று. சீர் செய்ய 15 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. கையிலிருந்த பிணைத்தொகை அதில் ஒரு சிறு துளிதான். 1993இல் மாநிலச் சட்டசபை சுரங்கச் சட்டத்தை இறுக்கியது.

சரளைக் குழியில் சயனைடு இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் பாடம் இரண்டுக்கும் பொதுவானது. உறை கசியலாம், கம்பெனி நொடிக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

பணம் எப்போது திரும்பும்?

பிணைத்தொகை அபராதம் அன்று. வேலை முடிந்தால் திரும்பக் கொடுக்க வேண்டிய பணம். உறை கட்டி முடிந்து, சோதனையில் தேறி, கரையில் புல் பிடித்த பிறகு, குழிக்காரர் கேட்டால் அதிகாரிகள் வந்து பார்த்து விடுவிக்கிறார்கள். முடிந்த வேலைக்குத் தக்கபடி ஒரு பகுதியை முன்னதாக விடுவிப்பதும் உண்டு.

இதனால் ஒரு நல்ல விளைவு உண்டாகிறது. ஜாமீன் பத்திரத்துக்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டுமல்லவா? ஆகவே சீக்கிரம் முடித்தவருக்குச் செலவு குறைவு. நிலம் முழுவதையும் ஒரேயடியாகத் தோண்டாமல் பகுதி பகுதியாகத் தோண்டி, சரளை எடுத்த பகுதியில் உடனே உறை கட்டிக்கொண்டே போனால், எந்த நேரத்திலும் திறந்து கிடக்கும் பகுதி சிறியது. அதற்கு வேண்டிய பிணையும் சிறியது. கண்காணிப்பவர் நாள்தோறும் வந்து நின்று விரட்ட வேண்டியதில்லை. கணக்கே விரட்டுகிறது.

ஆனால் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. டீசல் விலை ஏறும், கூலி ஏறும். 10 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பிணை இன்று பாதி வேலைக்குத்தான் காணும் என்ற நிலை வரலாம். ஆகவே அவ்வப்போது திரும்பக் கணக்கிட்டு, குறைந்ததை நிரப்பச் சொல்ல வேண்டும்.

உறை கட்டும் வரை உறையின் இடத்தில் நிற்பது இந்தப் பணம்தான். உறை மெல்லியதாக இருந்தால் நீர் கசிவது போல, பணம் குறைவாக இருந்தால் பொறுப்பு கசிந்து அடுத்தவர் தலையில் விழும். களிமண்ணின் கனத்தை அளப்பது போலவே இதையும் அளந்து வாங்க வேண்டும்.

பயிற்சி

1. ஒரு குழியின் அடித்தளம் 200 மீட்டர் நீளம், 150 மீட்டர் அகலம். ஆழம் 8 மீட்டர். மேலே கூறிய அளவுகளின்படி நாளொன்றுக்கு எவ்வளவு கசிவு அனுமதிக்கப்படும்?

2. களிமண் வேலையின் விலை கன மீட்டருக்கு 8 டாலர். அது ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் கூட்டு வட்டி போல் ஏறினால் 10 ஆண்டுகளுக்குப் பின் எவ்வளவு? 41,000 கன மீட்டருக்கு அப்போது எவ்வளவு கூடுதலாக வேண்டும்?

3. உங்கள் வகுப்பு நண்பர்களில் ஒருவர் குழிக்காரர், ஒருவர் அதிகாரி, ஒருவர் கீழ்ப்பகுதி உழவர் என்று வைத்துக்கொண்டு, பிணைத்தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்று வாதம் செய்யுங்கள். ஒவ்வொருவரும் தம் எண்ணுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

விடைகள்: (1) 50.4 + 13.5 = 63.9 கன மீட்டர். (2) ஏறத்தாழ 13 டாலர்; கூடுதலாக ஏறத்தாழ 2,05,000 டாலர்.